எட்டரை மணிப் படம்

நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் தினமும் காலை எட்டரை மணிக்கு ஒரு புகைப்படம் எடுப்போம். படத்தில் மனிதர்கள் இருக்க மாட்டார்கள். அடித்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்து அறைச் சுவரில், ஒரு பெரிய டிவி மாட்டியிருக்கிறது. ஆறு மாடிகளிலும் கணினிகளை இணைக்கிற கருவிகள் எல்லாம் அதில் சிறு விளக்குகளாகத் தெரியும். ஒழுங்காக வேலை செய்தால் பச்சை, கோளாறு இருந்தும் ஓடிக்கொண்டிருந்தால் மஞ்சள், நின்றுபோனால் சிவப்பு. அந்தத் திரையை போனில் படம் பிடித்து நிர்வாகத்தின் வாட்ஸப் குழுவில் போட வேண்டும். படம் முழுவதும் பச்சையாக இருக்க வேண்டும். எடுப்பவள் நான்.

பெண்களுக்கு இரவு ஷிப்ட் கிடையாது என்பதால் காலை ஷிப்ட் எனக்கே நிரந்தரமாகிவிட்டது. மாடம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து தாம்பரம், அங்கிருந்து செங்கல்பட்டு வண்டியில் நான்கு ஸ்டேஷன். அடையாள அட்டையைத் துப்பட்டாவுக்கு மேலே தெரிகிற மாதிரிப் போட்டுக்கொண்டுதான் வண்டியில் ஏறுவேன். அதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அம்மா கோவளத்தில் மீன் எடுத்து வந்து தெருத் தெருவாக விற்கிறாள். அப்பா கூடுவாஞ்சேரி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார். என் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. ஆனால் அது ஆணியில் மாட்டியிருந்தால் அதன் மேல் வேறு எதையும் மாட்ட மாட்டார்கள்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுவிட்ச் என்று நாங்கள் சொல்வது சுவரில் தட்டி விளக்குப் போடும் சுவிட்ச் அல்ல. தட்டையான இரும்புப் பெட்டி. ஒரு மாடியின் கணினி, பிரிண்டர், போன் வயர்கள் எல்லாம் அதில் வந்து சேரும். ஒரு பெட்டி போதாத மாடியில் நான்கு பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பின்பக்கம் குட்டையான தடித்த கேபிள்களால் வளையமாகக் கோத்துவிடுவார்கள். அதற்கு ஸ்டாக் என்று பெயர். கோத்த பிறகு நான்கும் ஒரே பெட்டி மாதிரி நடந்துகொள்ளும். நான்குக்கும் சேர்த்து ஒரே பெயர், ஒரே முகவரி.

அந்த ஒரே முகவரியில்தான் சிக்கல் இருக்கிறது என்பதை வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம் தெரிந்துகொண்டேன். ஒருநாள் முதல் மாடி பில்லிங்கிலிருந்து போன் வந்தது. பாதிக் கம்ப்யூட்டர் ஓடவில்லை என்றார்கள். நான் திரையைப் பார்த்து, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, பச்சையாக எரிகிறது என்று பெருமையாகச் சொன்னேன். "உங்க டிவில பச்சையா எரிஞ்சா எனக்கு என்னங்க, என் முன்னால பதினஞ்சு பேர் நிக்கிறாங்க" என்று அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். போய்ப் பார்த்தால் அடுக்கில் மூன்றாவது பெட்டி செத்துக் கிடந்தது. எங்கள் மென்பொருள் அந்த அடுக்கைப் பார்த்து, இருக்கிறாயா என்று ஒரே ஒரு கேள்வி கேட்கும். உயிரோடு இருக்கிற எந்தப் பெட்டியாவது எல்லோருக்குமாக, இருக்கிறேன் என்று பதில் சொல்லிவிடும்.

அந்த அவமானத்தில் மூன்று வாரம் ரயிலிலும் வீட்டிலும் உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாக விசாரிக்கிற சிறிய புரோகிராம் ஒன்று எழுதினேன். பெட்டி இருக்கிறதா, அதற்குக் கரண்ட் வருகிறதா, பின்பக்க வளையம் முழுசாக இருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒரு முறை அது கேட்கும். திரையில் ஒவ்வொரு அடுக்குக்கும் கீழே நான்கு குட்டி விளக்குகள் முளைத்தன. அவற்றை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் அறையின் பொறுப்பாளர், நாங்கள் சார் என்று மட்டும் கூப்பிடுகிறவர், மேலாளர் மேடத்தை அழைத்து வந்து காட்டினார். நம்ம டீம் பண்ணினது மேடம் என்றார். டீம் என்பது அன்று நான் ஒருத்திதான். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரமே தொல்லை ஆரம்பித்தது. முன்பு தெரியாமல் இருந்த சின்னச் சின்னக் கோளாறுகள் எல்லாம் இப்போது தெரிய ஆரம்பித்தன. எட்டரை மணிப் படத்தில் இரண்டு மஞ்சள், மூன்று மஞ்சள். மேடம் குழுவில் கேள்விக்குறி போட்டு அனுப்புவார். சார் என்னைக் கூப்பிட்டு, பார்த்துவிட்டோம் என்று பதிவு செய்ய ‘அக்னாலெட்ஜ்’ என்று ஒரு பட்டன் வை, அழுத்தினால் அந்த விளக்கு பச்சையாகட்டும் என்றார். உண்மையில் அது பழைய மென்பொருளிலும் உண்டு. ஒருவர் பார்த்துவிட்டார், கவனித்துக்கொள்வார் என்பதற்கான வசதி. அதில் தவறில்லை என்று நானும் நினைத்தேன். பட்டனை எழுதினேன். அழுத்துகிறவரின் பெயரும் நேரமும் லாக் என்கிற பதிவேட்டில் ஏறுகிற மாதிரியும், காரணம் எழுதாமல் அழுத்த முடியாதபடியும் எழுதினேன். ஒழுங்காகச் செய்கிறேன் என்று நினைப்பு. அழுத்தினால் பச்சையாகும் என்பதையும் என் கையால்தான் எழுதினேன்.

ஆறாம் மாதத்தில் வேலை நிரந்தரமாக வேண்டும். மாதக் கடைசியில் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த மாதத் தொடக்கத்தில், ஒரு சனிக்கிழமை காலை, இரண்டாம் மாடி அடுக்கில் மஞ்சள் விழுந்தது. இரண்டாவது பெட்டிக்கும் மூன்றாவது பெட்டிக்கும் நடுவில் கேபிள் போயிருந்தது. எந்தக் கணினியும் நிற்கவில்லை. நான்கு பேர் கைகோத்து வட்டமாக நிற்கும்போது ஒரு ஜோடிக் கை விட்டுப்போனால் வட்டம் வரிசையாகிவிடும், அவ்வளவுதான். ஆனால் இனி நடுவில் ஒருவர் விழுந்தால் அவருக்கு அப்பால் நிற்பவரும் தனியாகிவிடுவார். புதுக் கேபிள் போட அரை மணி நேரம் அந்த மாடியை நிறுத்த வேண்டும். சாரிடம் சொன்னேன்.

"இன்ஸ்பெக்‌ஷன் வருதும்மா, ஆஸ்பத்திரிக்கு சர்டிஃபிகேட் குடுக்கறவங்க. இப்பப் போயி டவுன்டைம் கேட்டா மேடம் என்னைத்தான் கேப்பாங்க. அது முடியட்டும், அடுத்த நாளே மாத்திரலாம். நீ அக்னாலெட்ஜ் பண்ணிடு."

பண்ணினேன். காரணப் பெட்டியில் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினேன். வளையம் உடைந்திருக்கிறது, இன்ன பெட்டிகளுக்கு நடுவே, கேபிள் மாற்ற வேண்டும், பொறுப்பாளருக்குத் தெரிவிக்கப்பட்டது. பதிவு ஒரு நாள்தான் நிற்கும், மறுநாள் காலை மீண்டும் மஞ்சள் வரும். அதையும் நான்தான் அப்படி வைத்திருந்தேன், யாரும் மறந்துவிடக் கூடாது என்று. இரண்டாம் நாள் அதே நான்கு வரியை எடுத்து ஒட்டினேன். மூன்றாம் நாளும் ஒட்டினேன். நான்காம் நாள் "முன்பு சொன்னதே" என்று எழுதினேன். ஐந்தாம் நாள் எட்டு இருபத்தெட்டு ஆகிவிட்டது. அந்தப் பெட்டி காலியாக விட்டால் ஏற்காது. ஒரு முற்றுப்புள்ளி வைத்தேன். ஏற்றுக்கொண்டது. பதினோராம் நாள் வரை முற்றுப்புள்ளிதான்.

இரண்டாம் மாடியைத் துடைக்கிற அக்காவும் எங்கள் மாடம்பாக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் மீன் வாங்குவார். மருத்துவமனையில் பார்த்தால், சாப்பிட்டியாம்மா என்று ஒரு வார்த்தை கேட்பார். நான் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். துப்புரவுப் பெண்கள் பின்பக்கக் கொட்டகையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருமுறைகூடப் போனதில்லை. அங்கே போய் உட்காரவா அம்மா என்னைப் படிக்கவைத்தாள் என்று நினைத்துக்கொள்வேன். அம்மாவைக் கேட்டிருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் புதன்கிழமை. இன்ஸ்பெக்‌ஷன் வெள்ளிக்கிழமை. இன்னொரு முற்றுப்புள்ளியோடு எட்டரை மணிப் படம் போய்விட்டது. பத்து மணிக்கு மேல், புறநோயாளிகள் நெருக்குகிற நேரம், இரண்டாம் மாடி அடுக்கின் கடைசி இரண்டு விளக்குகளும் ஒன்றாகச் சிவந்தன. லிஃப்டுக்கு நிற்காமல் படியில் ஓடினேன். நடையில் அந்த அக்கா ஓட்டிய தரை தேய்க்கும் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அதன் வயர் நேராக எங்கள் பெட்டிகள் இருக்கிற சிறு அறைக்குள் போனது. உள்ளே சூடாகிறது என்று அந்தக் கதவை எப்போதும் திறந்துதான் வைத்திருப்பார்கள். நான்காவது பெட்டியின் பிளக் தரையில் கிடந்தது. மற்ற மூன்றும் சொருகியிருந்த பவர் ஸ்ட்ரிப்பில் இடம் இல்லாமல் அது ஒன்று மட்டும் தனியாகச் சுவரில் இருந்தது. அந்த இடத்தில் மெஷினின் பிளக்.

இத்தனைக்கும் நடையிலேயே பிளக் பாயிண்ட் உண்டு. இன்ஸ்பெக்‌ஷனுக்காக அதையெல்லாம் முந்தின நாள் டேப் ஒட்டி மூடியிருந்தார்கள். எங்கே சொருகுவது என்று அக்கா கேட்டதற்கு, எங்கயாவது பாத்து சொருகு என்று துப்புரவு சூபர்வைசர் சொல்லியிருக்கிறார்.

"யாருக்கா உங்கள இதுல கை வைக்கச் சொன்னது? தெரியலன்னா கேக்கத் தெரியாதா?" என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"மத்ததெல்லாம் மொத்தமா ஒண்ணா கீது. இது ஒண்ணுதான் தனியா இருந்துச்சு. இன்னாவோ பழசுன்னு நெனச்சிட்டேன்மா" என்றார். மெஷினை நிறுத்திவிட்டு அவரே குனிந்து பிளக்கைத் திரும்பச் சொருகினார்.

சொருகியதும் சரியாகிவிடாது. பெட்டி எழுந்திருக்கப் பத்து நிமிடம். நான்காவதை மட்டுமே பிடித்துக்கொண்டிருந்ததால் தனியாகிப்போன மூன்றாவது பெட்டி மறுபடி கூட்டத்தில் சேர இன்னொரு பத்து நிமிடம். நான்காவது பெட்டியில் இருந்தது மருந்துக் கடை மட்டும். வளையம் முழுசாக இருந்திருந்தால் மருந்துக் கடை கொஞ்ச நேரம் நின்றிருக்கும், அத்தோடு போயிருக்கும். மூன்றாவது பெட்டியில் இருந்தது ரத்தப் பரிசோதனைக் கூடம். அங்கே குழாய்களில் ஒட்ட வேண்டிய பெயர்ச்சீட்டு அச்சாகவில்லை. சீட்டு வந்துவிடும் என்று நம்பி எடுத்துக்கொண்டே போனதில் எது யாருடைய ரத்தம் என்று குழம்பிவிட்டது. காலையிலிருந்து பட்டினியாக வந்தவர்களை மறுபடி கூப்பிட்டு மறுபடி ஊசி குத்தினார்கள். இரண்டு வயது இருக்கும் ஒரு குழந்தையை அதன் அப்பா இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கீழே வந்துவிட்டேன்.

மத்தியானம் மேடத்தின் அறையில் விசாரணை. வெள்ளிக்கிழமைக்குள் ரிப்போர்ட் எழுதி முடித்தாக வேண்டும். படியில் ஏறும்போது சார் என் பக்கத்தில் வந்து, முன்னால் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கேட்டா மட்டும் பேசு. லாக்ல இருக்கறது உன் பேரு. என் பேரு இல்ல. உனக்கு இந்த மாசம் லெட்டர் வரணும், அதை மட்டும் மனசுல வெச்சுக்கோ."

அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் இன்றைக்கும் எரிகிறது.

மேடம், சார், துப்புரவு சூபர்வைசர், நான் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்தோம். அக்கா கதவோரம் நின்றார். இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சூபர்வைசர், நான் சொருகச் சொல்லவே இல்லை மேடம் என்று முதலிலேயே கை கழுவிவிட்டார். பிளக்கைப் பிடுங்கியது உண்மையா என்று மேடம் கேட்டார். ஆமாம்மா என்றார் அக்கா. பிடுங்கினதில் இத்தனை ஆகும் என்று தெரியாது என்றும் சொன்னார்.

மேடம் என் பக்கம் திரும்பினார். அவர் ஒன்றும் முட்டாள் இல்லை.

"ஒரு பிளக் எடுத்தா ரெண்டு சுவிட்ச் எப்படிப் போகும்? அந்த ஸ்டாக்ல இதுக்கு முன்னாடி ஏதாவது பிராப்ளம் இருந்துச்சா?"

சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். வளையம் பதினொரு நாளாக உடைந்திருந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, ஏன் சொல்லவில்லை. லாக்கைத் திறப்பார்கள். முதல் மூன்று நாள் என்னைக் காப்பாற்றும். அதற்கப்புறம் என் பெயர், ஒரு முற்றுப்புள்ளி. என் பெயர், ஒரு முற்றுப்புள்ளி. அந்தப் புள்ளிகளை அந்த அறையில் மேடம் படிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வேலை போய்விடும் என்ற பயத்தைவிட அதுதான் பெரிதாக இருந்தது. படித்த பெண், இவ்வளவு அலட்சியமா என்று அவர்கள் நினைப்பார்களே என்பது.

"காலைப் படத்துல எல்லாம் கிரீன்தான் மேடம்" என்றேன்.

மேடம் போனை எடுத்து விரலால் தள்ளிக்கொண்டே போனார். புதன், செவ்வாய், திங்கள். எல்லாம் நான் எடுத்தவை. எல்லாம் பச்சை. போனைக் கீழே வைத்தார். அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகவெல்லாம் இல்லை. அவருக்கு அந்தப் படங்களில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. படித்த பெண் சொல்கிறாள், சரியாகத்தான் இருக்கும் என்பது போலப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து அவரை வர வேண்டாம் என்றார்கள். ஆள் அனுப்புகிற ஏஜென்சியிடம் சொல்லி வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அந்தச் சிறு அறைக்குப் பூட்டு வந்தது. இன்ஸ்பெக்‌ஷன் நல்லபடியாக முடிந்தது. சனிக்கிழமை புதுக் கேபிள் போட்டார்கள், இருபது நிமிடம்கூட ஆகவில்லை. மாதக் கடைசியில் எனக்குக் கடிதம் வந்தது. அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் படித்துக்காட்டச் சொன்னார். பொறுப்புணர்வு, கவனம் என்றெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. வேலை நிரந்தரம் என்று எழுதியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். இவ்வளவு எழுத்துக்கு அவ்வளவுதானா என்றார்.

அன்று இரவு அம்மா பேச்சுவாக்கில், அந்த இரண்டாம் மாடிக்காரம்மாவைக் காணோமே, ஞாயிற்றுக்கிழமைகூட மீனுக்கு வரவில்லையே என்றாள். தெரியாது என்றேன். அந்தப் பொய்யைச் சொன்ன பிறகுதான், மேடத்திடம் நான் பொய்யே சொல்லவில்லை என்று இத்தனை நாளாக எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தது உடைந்தது.

திங்கட்கிழமை மேடத்துக்கு மெயில் எழுதினேன். பன்னிரண்டு நாளின் பதிவையும் இணைத்தேன். முற்றுப்புள்ளிகளையும் சேர்த்துத்தான். சார் சொன்னதையும் நான் செய்ததையும் எழுதினேன். அந்தம்மா பிடுங்கியது ஒரு பிளக், மீதி எங்கள் தவறு என்று எழுதினேன். அனுப்பிவிட்டு, கூப்பிடுவார்கள், வேலை போகும், போகட்டும் என்று நாள் முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். உண்மையில் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

மூன்றாம் நாள் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொல்லவில்லை, உட்காரச் சொன்னார்.

"நல்ல பொண்ணு நீ. ஆனா அந்த இன்சிடென்ட் க்ளோஸ் ஆயிடுச்சும்மா. ரிப்போர்ட் போயிடுச்சு. இப்ப ஓப்பன் பண்ணினா எல்லாருக்கும் கஷ்டம், உனக்கும்தான். இனிமே பார்த்துக்கோ."

அந்த அக்கா, மேடம் என்றேன். அவங்களுக்கு வேற சைட்ல வேலை குடுத்துட்டாங்களே, அப்புறம் என்ன என்றார். எனக்கு வேலை போகவில்லை. ஒரு மெமோகூட வரவில்லை. சாருக்கு விஷயம் தெரிந்தது. இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை, மூன்றாம் நாள் டீ வாங்கிக் கொடுத்தார். நான் எழுதிய உண்மையை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். எல்லோரும் அமுக்கவேண்டிய பட்டனை அமுக்கிவிட்டார்கள்.

அதற்கடுத்த வாரம் அக்காவைத் தாம்பரம் ஸ்டேஷனில் பார்த்தேன். காலை வண்டிக்குக் காத்திருந்தார். கூடுவாஞ்சேரியில் ஏதோ ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் போட்டிருக்கிறார்களாம். பதினாலு மாடி, லிஃப்டில் இவர்கள் ஏறக் கூடாதாம், பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு படியில்தானாம். கேட்காமலே சொன்னார். என் அட்டையைப் பார்த்து, பர்மனன்ட் ஆயிடுச்சாமே, உங்கம்மா சொன்னாங்க என்று சிரித்தார். அப்புறம் எனக்குத் தாங்கவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். கேபிளை, பதினோரு நாளை, படத்தை, மெயிலை. புரிகிற மாதிரிச் சொல்கிறேனா என்ற கவலைகூட இருந்தது. அவருக்கு எல்லாமே புரிந்தது.

"நான் புடுங்கினது நெசந்தானே. அது இல்லன்னு ஆயிடுமா?" என்றார். "ஆனா நீ அன்னிக்கே வாயத் தொறந்திருந்தா, அந்த ரூமுல நாம ரெண்டு பேரா நின்னிருப்போம். நான் ஒருத்தியே நின்னுகினு இருந்தேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வுடு, மெயிலு கியிலு எல்லாம் எனக்கு எதுக்கு, நீ நல்லா இரு என்று பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். அதில் வாழ்த்து எவ்வளவு, கசப்பு எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

செங்கல்பட்டு வண்டி வந்தது. அவர் பெண்கள் பெட்டியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் கை வைத்து எனக்கும் இடம் பிடித்தார். எனக்கும் அதே வண்டிதான். நான் பின்னால் நடந்து, அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டேன்.